அகராதிக்குப் பின்னால் ஒரு காந்தக்கல்

என் இல்லறத்தில் நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதன் எடை முக்கால் கிலோ.

மற்ற கணவன்மார்கள் சொல்லும் பொய்கள் காற்றோடு போய்விடும். என்னுடையது அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அதைத் துணிப்பையில் போட்டு, பையின் வாயைத் தைத்து, அகராதியின் இரண்டு தொகுதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அகராதியை யாரும் எடுப்பதில்லை. என் மனைவிக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததே கிடையாது. எனக்கு வார்த்தை தேவைப்பட்டதே கிடையாது.

நான் பாறைக் காப்பகத்தில் பொருள் காப்பாளன். மலைகளை உடைத்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து தருவார்கள். நான் எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, இழுப்பறையில் அடுக்குவேன். பெயர், எடை, தரம், கண்டெடுத்தவர் என்று பதிவேட்டில் நான்கு கட்டங்கள். இருபத்தாறு வருஷமாக அந்த நான்காவது கட்டத்தில் யார் யார் பெயரையோ எழுதி வந்திருக்கிறேன். என் பெயரை எழுதும் வாய்ப்பு வரவில்லை.

வரவில்லை என்று சொல்லக் கூடாது. வந்தது, நான்தான் எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நில அளவைக்காரர்களுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு ஒரு மலை உச்சிக்குப் போனேன். அங்கே திசைகாட்டி கன்னாபின்னாவென்று சுற்றியது. அவர்கள் திசைகாட்டியைத் திட்டினார்கள். நான் குனிந்து காலடியில் பார்த்தேன். கன்னங்கரேலென்று ஒரு கல் கிடந்தது. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். டக்கென்று பிடித்துக்கொண்டது.

இரும்புச் சத்துள்ள கறுப்புக் கல் எங்கும் கிடைக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் வந்து ஒட்டும், அவ்வளவுதான். தானே காந்தமாக இருக்கும் கல் அபூர்வம். அப்படிப்பட்ட கல் மின்னல் தாக்கி உண்டாவது என்று எங்கள் காப்பகத்தில் படித்தவர்கள் சொல்வார்கள். மின்னல் தலையில் இறங்கியும் கம்மென்று இருக்கும் அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணமான பிறகு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று. காப்பகத்தில் சேர்க்க வேண்டிய கல்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் முன்பு வரை அதற்கு நாற்பத்தொரு கற்கள் துணை இருந்தன. ஒரு நாள் அலமாரித் தட்டு முறிந்து அத்தனையும் என் மனைவியின் கால் விரலுக்கு அரை அடி தள்ளி விழுந்தன. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இந்த வீட்ல இனிமே கல்லு இருக்கணுமா, நான் இருக்கணுமா?”

நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு.

“யோசிக்கிறீங்களா?”

“இல்லம்மா, எந்தச் சாக்குல கட்டறதுன்னு...”

“என்னையா?”

“கல்லை! கல்லைம்மா!”

நாற்பத்தொரு கற்கள் காப்பகத்துக்குப் போயின. “எல்லாம் போயிடுச்சா?” என்று கேட்டாள். “எல்லாம் போயிடுச்சு” என்றேன். நான் முதலில் சொன்ன முக்கால் கிலோப் பொய் அதுதான்.

என் மனைவி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். அவள் அப்பாவிடம் கற்ற தொழில். சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரங்களைத் தொட இந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எறும்பின் கால் அளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து வைப்பாள். அப்போது நான் பக்கத்தில் மூச்சு விடக் கூடாது. இருபத்தைந்து வருஷத்தில் அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. என் கைதான் நடுங்கும், அவளைப் பார்த்து.

மூன்று மாதம் முன்பு வெளிச்சத்துக்காக அவளுடைய மேசையை ஜன்னலோரம் நகர்த்தினோம். மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவன் நான்தான். “இன்னும் கொஞ்சம் சுவரோட ஒட்டித் தள்ளு” என்று யோசனை சொன்னவனும் நான்தான். அது சுவர் அல்ல, பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடத்தில் என் புத்தக அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டில் அகராதி. இந்தப் பக்கம், அதே உயரத்தில், பழுது பார்த்து முடித்த கடிகாரங்களை அவள் வைக்கும் இழுப்பறை. நடுவில் ஒரு விரல் கனம் பலகை. பாறைகளோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அது உறைக்கவில்லை.

கடிகாரங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

எல்லாம் வேகமாக ஓடின. ஒன்று நாளைக்குப் பத்து நிமிஷம் முந்தியது, இன்னொன்று இருபது நிமிஷம். அவள் பிரிப்பாள், துடைப்பாள், பூட்டுவாள், இழுப்பறையில் வைப்பாள். மறுபடி திரும்பி வரும். மூன்றாவது தடவையாகத் தன் கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு டீச்சரம்மா. போன வருஷம் இறந்துபோன அவர் கணவருடைய கடிகாரம் அது. அதைத்தான் அவர் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்.

“தப்பா எடுத்துக்காதம்மா,” என்றார் டீச்சரம்மா. “அவர் இருந்தவரைக்கும் ஒரு இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல. இப்ப அவரோட வாட்ச் அரை மணி முன்னால ஓடுது. காதுல வச்சுக் கேட்டா வேற யாரோ மாதிரி இருக்கு.”

என் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். டீச்சரம்மா போன பிறகு மேசையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஒரு திருகாணியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். அது விழவில்லை. உதறினாள். விழவில்லை. இடுக்கியின் நுனியோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். லென்ஸைக் கழற்றினாள்.

“ஏங்க, என் கை போயிடுச்சா?”

நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் கல் போய்விடும். நான் சொன்னது இதுதான்:

“வயசாச்சுல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். மேசைமேல் துணியைப் போட்டு மூடிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன். நான் நல்லவன் என்று நம்பி வாழ்ந்தவன். அந்த மூன்று நாளும் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தபோது தீர்மானித்தேன். அவள் தொழிலையும் காப்பாற்ற வேண்டும், கல்லையும் காப்பாற்ற வேண்டும். உண்மையைச் சொல்லாமலே உத்தமனாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனாள். அகராதிக்குப் பின்னாலிருந்த பையை எடுத்துப் பரணில் கிடந்த ஓட்டைக் குக்கருக்குள் வைத்து மூடினேன். வைக்கும்முன் சாவிக்கொத்தைப் பையருகே காட்டினேன். ஒட்டியது. பையின் வாய்த் தையலையும் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட நேர்த்தியாக, இழை இழையாக, ஒரே அளவில் இருந்தது. என் கைவேலையை மெச்சிக்கொண்டே ஏணியை விட்டு இறங்கினேன்.

அடுத்தது, காந்தம் ஏறிய கடிகாரம். கடிகாரத்துக்குள் மயிரிழை போல ஒரு சுருள் இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையாகிவிடும். கடிகாரம் தறிகெட்டு ஓடும். ஏறிய காந்தத்தை இறக்க எங்கள் காப்பகத்திலேயே ஒரு கருவி உண்டு. பாறை பிறந்தபோது ஏறிய காந்தம் ஒன்று, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட காந்தம் ஒன்று. பிற்பாடு வந்ததைக் கழற்றத்தான் அந்தக் கருவி. கம்பிச்சுருளின் நடுவில் வைத்து மின்சாரத்தை ஏற்றி மெல்ல மெல்ல இறக்கினால் போதும். அறையின் சாவி என்னிடம்.

திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் டீச்சரம்மாவின் கடிகாரத்தை எடுத்துச் சாப்பாட்டு டப்பாவின் மேலடுக்கில், பொரியலுக்கு மேல், காகிதத்தில் சுற்றி வைத்தேன். மதிய இடைவேளையில் வேலை முடிந்தது. சாயங்காலம் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். லேசாகத் தாளித்த வாசனை வந்தது. வேறு குறையில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் ஓடி வந்தாள்.

“ஏங்க! டீச்சரம்மா வாட்ச் ஒரு நிமிஷம்கூடப் பிசகல!”

“நான்தான் சொன்னேனே.”

“என்ன சொன்னீங்க?”

“எல்லாம் சரியாயிடும்னு மனசுல சொல்லிக்கிட்டேன்.”

“மனசுல சொன்னா எனக்கு எப்படிங்க கேக்கும்? ஆனாலும் ஏதோ நல்ல நேரம். மிச்சமெல்லாமும் இப்படித் தானா சரியாயிட்டா நல்லாருக்கும், இல்ல?”

என் நெஞ்சு நிமிர்ந்தது. மிச்சம் பதினொன்று இருந்தன. நாளுக்கு ஒன்று என்று பதினொரு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பதினொரு நாளில் முடியவில்லை. இழுப்பறையில் எடுக்க எடுக்கக் கடிகாரம் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் வேகமாக ஓடுகிற கடிகாரங்கள். இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. நாளுக்கு ஒன்று போய் நாளுக்கு மூன்று ஆயிற்று. நல்ல வேளையாகச் சந்தர்ப்பங்களும் எனக்குச் சாதகமாக அமைந்தன. அவள் குளிக்கும் நேரம் கூடியது. கடிகாரங்களின் வாரைக் கழற்றி, வரிசையாக, எடுக்கத் தோதாக அவளே வைத்திருந்தாள். டப்பாவின் மேலடுக்கும் ஒரு நாள் காலியாக இருந்தது.

“பொரியல் எங்கம்மா?”

“எல்லாம் கீழடுக்குலயே வச்சுட்டேன். மேலடுக்கு சும்மா கடகடன்னு சத்தம் போடும்னு மெத்துனு ஒரு துணி போட்டிருக்கேன்.”

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அந்தத் துணியில் நான்கு கடிகாரங்களைப் படுக்க வைத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. கல்தான் பரணுக்குப் போய்விட்டதே, பிறகு எப்படிக் காந்தம் ஏறுகிறது? பரணுக்கும் மேசைக்கும் இருபது அடி தூரம். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் கல்லின் சக்தியும் எட்டாது. எனக்கு அது தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் சொந்தக் கல் என்று வரும்போது அறிவு ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம். என் கல் சாதாரணக் கல் இல்லை என்று முடிவு கட்டினேன். பரணிலிருந்து குளியலறை மச்சுக்கு மாற்றினேன். அங்கிருந்து தோட்டத்துப் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் மாற்றினேன். அப்போதும் கடிகாரங்கள் பறந்தன. தொட்டியின் முன்னால் நின்று கைகட்டி அதைப் பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் எங்கள் இயக்குநர் ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

“யாரோ ஒரு வயசான அம்மா கொண்டுவந்து குடுத்தாங்க. குடுத்தவங்க வேறயாம், பேர் சொல்ல வேண்டாமாம். காந்தக்கல்லாம். பதிஞ்சுடுங்க.”

பிரித்தேன். கல்லே தெரியவில்லை. பட்டறையில் சிந்திய இரும்புத்தூளில் புரட்டி எடுத்ததுபோல் உடம்பெல்லாம் முள் முள்ளாகத் தூள் அப்பியிருந்தது. காந்தக்கல்லில் ஒட்டிய தூளைத் துடைத்து எடுக்க அரை நாள் ஆகும். என் டப்பாவில் நான்கு கடிகாரங்கள் காத்திருந்தன. தவிர, இருபது அடிக்கு வேலை செய்யும் கல்லை வீட்டில் வைத்திருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு கல்லா? அப்படியே தராசில் வைத்தேன். பதிவேட்டில் எழுதினேன். பெயர்: காந்தக்கல். எடை: முக்கால் கிலோ, தூள் உட்பட. தரம்: சுமார். கண்டெடுத்தவர்: தெரியவில்லை. இழுப்பறையில் தள்ளி மூடினேன்.

இது நடந்து ஒரு மாதத்துக்குப் பின், போன வாரம், இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார்.

“எங்க அப்பா வாட்ச். ஸ்பீக்கர் மேல வச்சுட்டேன், காந்தம் ஏறிடுச்சு. கடைவீதியில விசாரிச்சேன். எல்லா வாட்ச் கடைக்காரனும் ஒரே ஆள்கிட்டதான் அனுப்பறான். இந்தத் தெரு உங்க பக்கம்தானே?”

ஒரு சின்ன அட்டையை நீட்டினார். ‘காந்தம் ஏறிய கைக்கடிகாரங்கள் ஒரே நாளில் சரிசெய்து தரப்படும்’ என்று அச்சடித்திருந்தது. கீழே என் வீட்டு முகவரி.

“எங்க பக்கம்தான் சார்.”

“அந்தம்மாகிட்ட ஏதோ பெரிய மெஷின் இருக்காம். ஒரு தடவைகூடப் பழுதானதே இல்லையாம். காலையில எடுத்துட்டுப் போயி சாயங்காலம் கொண்டுவந்து வச்சுடுமாம். நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன் சார்,” என்றேன். “பாத்தா அவ்வளவு பெரிசாத் தெரியாது.”

வீட்டுக்குப் போனேன். அவள் லென்ஸோடு உட்கார்ந்திருந்தாள். அட்டையை மேசைமேல் வைத்தேன். அவள் நிமிரவில்லை.

“தெரிஞ்சுபோச்சா?”

“எப்பலேர்ந்தும்மா?”

“மூணாம் நாள்லேர்ந்து. இடுக்கியில திருகாணி ஒட்டினா என்ன அர்த்தம்னு எங்க அப்பா எனக்குச் சொல்லித் தந்ததுதானே? அழுகையில மறந்துபோச்சு. ஞாபகம் வந்ததும் ஊசியை நூல்ல கட்டித் தொங்கவிட்டு வீடு முழுக்க நடந்தேன். ஊசி நேரா உங்க அகராதிக்குப் போயி முட்டிக்கிச்சு.”

“அப்போ இந்த வாட்ச்செல்லாம்?”

“நம்ம வீட்டுல காந்தம் ஏறினது பன்னெண்டுதான். டீச்சரம்மா வாட்ச் சரியாகி, பொரியல் வாசனையோட வந்துச்சு. எங்க போயி வந்திருக்கும்னு தெரியாதா எனக்கு? மிச்சமெல்லாம் கடைக்காரங்க அனுப்பறது. இப்பல்லாம் எல்லார் வீட்லயும் ஸ்பீக்கரு, போனு. எவ்வளவு வாட்ச் கெட்டுப்போகுது தெரியுமா?”

“அப்போ பையில?”

“பழைய ரேடியோ காந்தம். கூட ஒரு கருங்கல். நான்தான் மறுபடி தச்சேன். உங்க தையல் கோணல்மாணலா இருந்துச்சு.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டியின் முன்னால் ரேடியோ காந்தத்துக்குக் கைகட்டி நின்றது ஞாபகம் வந்தது.

“என் கல்லு எங்க?”

“எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. சாவிப் பட்டறையில இரும்புத்தூள்ல புரட்டி, டீச்சரம்மாகிட்டக் குடுத்து அனுப்பிச்சேன். நீங்கதானே பதிவேட்டுல எழுதி எடுத்து வச்சீங்க?”

அவள் லென்ஸைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. லென்ஸ் அழுத்தியதால் இருக்கலாம்.

“கல்லை ஒளிச்சு வச்சதுக்கு எனக்குக் கோவமே இல்லைங்க. ஆம்பளைங்க எதையாவது ஒளிச்சு வைப்பீங்க. நான் என் கை போயிடுச்சான்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியும், என் கை போகலைன்னு. தெரிஞ்சும் வயசாச்சுல்லன்னீங்க. மூணு நாள் என் கையை நானே பாத்துப் பாத்து அழுதேன். அதுக்குத்தான்.”

“தப்புதாம்மா,” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அகராதியில் தேடினாலும் கிடைத்திருக்காது.

“சரி, போங்க. நாளைக்கு ஒன்பது இருக்கு. பெரிய டப்பாவா கழுவி வைங்க. உங்க சார் வாட்ச்சையும் சேத்துக்கோங்க.”

மறுநாள் காப்பகத்தில் முதல் வேலையாக அந்த இழுப்பறையைத் திறந்தேன். அரை நாள் உட்கார்ந்து தூளைத் துடைத்தேன். உள்ளேயிருந்து என் கல் வந்தது. ஊக்கை நீட்டினேன். டக்கென்று பிடித்துக்கொண்டது, அன்றைக்கு மலையுச்சியில் பிடித்த மாதிரியே. பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தரம்: சுமார். கண்டெடுத்தவர்: தெரியவில்லை.

பதிவேட்டில் எழுதியதை நினைத்தபடி அடித்துத் திருத்த முடியாது. கல்லைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட திருத்தப் படிவம் வேண்டும். அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி இயக்குநரை நச்சரித்தவன் நான்தான். படிவத்தை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

“கண்டெடுத்தவர்... ஓ, உங்க பேரா? நீங்க கண்டெடுத்ததா அது? சொல்லவே இல்லையே.”

“இத்தனை வருஷத்துல நான் கண்டெடுத்தது அது ஒண்ணுதாம்மா.”

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கை துளிக்கூட நடுங்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு நான்காவது கட்டத்தில் என் பெயர் ஏறப்போகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

“இன்னும் ஒரே ஒரு கையெழுத்தும்மா. தரத்துல நான் சுமார்னு எழுதிட்டேன். மிகச் சிறப்புன்னு மாத்தணும்.”

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“அது சுமார்னே இருக்கட்டும். கல்லுக்கும் வயசாச்சுல்ல?”